மிதிக்கிறவன் முதுகு

கால் முந்திப் பிறந்தவனுக்கு இடுப்பு பிடிக்காது. எங்கள் தெருவில் இதை மறுத்துப் பேசியவர் ஒருவரும் இல்லை. தலைக்குப் பதிலாகக் கால் முதலில் வந்து பிறந்த பிள்ளை, இடுப்பு பிடித்துக்கொண்டவர் முதுகில் இடது குதிகாலால் மூன்று தடவை மிதித்தால் பிடிப்பு விட்டுப் போகும். ஊர்ப் பிடிப்பையெல்லாம் விரட்டுகிறவனிடம் அது எப்படி நெருங்கும்? வைத்தியனுக்குக் காய்ச்சல் வரலாம். மிதிக்கிறவனுக்கு முதுகு வலிக்கலாகாது. பாளையங்கோட்டையில் எங்கள் பக்கத்துக்கு நான்தான் கால் முந்திப் பிறந்தவன். நடக்கப் பழகுமுன் மிதிக்கப் பழகியவன்.

காலையில் வேப்பங்குச்சியை மென்றுகொண்டு நிற்பேன். வாசலில் யாராவது ஒருவர் ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு வந்து சேருவார். "தம்பி எந்திச்சாச்சா?" என்பார். பதிலுக்குக் காத்திராமல் வாசற்படியில் தலையை வைத்துக் குப்புறப் படுத்துவிடுவார். மிதிக்கும்போது இருவரும் பேசக்கூடாது என்பது விதி. என் வாயில் குச்சி இருந்ததால் விதியைக் காப்பது சுலபம். மூன்று மிதி. அவர் எழுந்து இப்படியும் அப்படியும் திரும்பிப் பார்ப்பார். "பிடிப்பு போயிட்டு வே, போயிட்டு!" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு போவார்.

அப்பா மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார். அவருக்கு இதெல்லாம் சுத்த அஞ்ஞானம். நிறுத்திவிட வேண்டும் என்று பல தடவை முடிவு செய்தார். கடைசி முடிவு எடுத்த வாரத்தில் சபைக் குருவானவர் வீட்டுக்கு வந்தார், நாற்காலியில் உட்காராமல் நின்றபடியே ஜெபம் செய்தார், ஆமென் சொன்ன பிறகும் போகவில்லை. "வாத்தியாரே, வேதத்துல இத வேண்டாம்னு எங்கயும் எழுதல பாத்துக்கிடும்," என்றார். அப்பா எழுந்து போய்ப் புத்தக அலமாரியில் எதையோ தேட ஆரம்பித்தார். நான் குருவானவரை மிதித்தேன். அதற்குப்பின் அப்பா அஞ்ஞானத்தைப் பற்றிப் பேசவில்லை.

எனக்கு இதில் நம்பிக்கையும் இல்லை, சந்தேகமும் இல்லை. நிற்க நேரமில்லை, அவ்வளவுதான். காலேஜில் எஃப்.ஏ. தேறியதும் அப்பா என்னையும் வாத்தியாராக்கப் பார்த்தார். நாள் முழுக்க ஓர் அறை, ஒரு கரும்பலகை, ஒரு பிரம்பு! நினைத்தாலே உள்ளங்கால் அரித்தது. மழை கழுவிவிட்ட நாளில் மேற்கு மலை எங்கள் மொட்டை மாடிக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். அங்கே போக வேண்டும். காட்டிலாகாவில் பயிற்சிக்கு ஆள் எடுக்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்ட அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

படித்த சான்று மட்டும் போதாது. நடைச் சோதனை ஒன்று உண்டு. காலை ஐந்து மணிக்குப் பாளையங்கோட்டையில் கிளம்பி, பத்து மணிக்குள் ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டைத் தொட வேண்டும். பத்துக்குப் பின் வருகிறவன் ஊர் திரும்பி வாத்தியாராகலாம்.

பட்டாளத்துக்காரர்கள் மூட்டை சுமந்து நடந்து பழகுகிறார்கள் என்று ஓர் ஆங்கிலப் பத்திரிகையில் படித்தேன். படித்த மறுநாளே வண்ணாரப்பேட்டை ஆற்றங்கரையில் கூழாங்கல் பொறுக்கினேன். அப்பாவின் பழைய பையில் போட்டு வலது தோளில் மாட்டிக்கொண்டு விடிகாலையில் கிருஷ்ணாபுரம் வரை போய்த் திரும்பினேன். உடம்பு பழகப் பழகக் கல்லைக் கூட்டினேன். மற்றவர்கள் வெறுங்கையோடு பழகும்போது நான் கல்லோடு பழகினால், சோதனை நாளில் கல்லை இறக்கிவிட்டுப் பறந்துவிடலாம் அல்லவா? கணக்கு எவ்வளவு அழகாக இருந்தது!

ஒருநாள் காலை செருப்பை எடுக்கக் குனிந்தேன். குனிந்தவன் நிமிரவில்லை. ஈரவேட்டியை இரண்டு பேர் இரண்டு பக்கம் பிடித்து முறுக்குவதுபோல் நடுமுதுகு முறுகியது. "அம்மா!" என்றேன்.

அம்மா ஓடி வந்தாள். பார்த்ததும் புரிந்துகொண்டாள், எத்தனையோ பேரை அந்தக் கோலத்தில் வாசலில் பார்த்தவள். ஆனால் அவள் முதலில் செய்தது வாசல் கதவைச் சாத்தியதுதான்.

"சத்தம் போடாதலே. தெருவுக்குக் கேட்டா என்ன ஆவும்?"

"என்ன ஆவும்? எனக்கு இடுப்பு பிடிச்சிருக்குன்னு தெரியும்."

"அதான் தெரியக்கூடாதுங்கேன். உனக்குக் காய்ச்சல். கேட்டியா? காய்ச்சல்."

காய்ச்சல்காரனாக நான் பாயில் கிடந்தேன். நொச்சி இலை ஒத்தடம், சூடு பண்ணிய செங்கல், முதுகெல்லாம் எண்ணெய். காரணம் என்ன என்பதில்தான் வீட்டில் ஒற்றுமை இல்லை. வேர்த்த உடம்போடு ஆற்றில் குளித்தாய், அதோடு வாழைக்காயும் தின்றாய், வாய்வு முதுகில் போய் நின்றுகொண்டது என்றாள் அம்மா. கூன் போட்டு உட்கார்ந்து படித்ததால் முதுகெலும்பு வளைந்துவிட்டது என்றார் அப்பா. பள்ளிக்கூடத்து எலும்புக்கூட்டுப் படத்தைச் சுருட்டிக் கொண்டுவந்து, விரித்து, கோலை வைத்து எனக்குக் காட்டவும் செய்தார். எலும்பு ஒவ்வொன்றுக்கும் பெயர் எனக்குத் தெரியும். நோகிற இடத்துக்கு மட்டும் அதில் பெயர் போடவில்லை.

அப்பா ஆஸ்பத்திரி டாக்டரை அழைத்து வந்தார். அவர் நல்ல மனிதர், ஆனால் அவசரக்காரர். வண்டியை அவிழ்க்காமலே நிறுத்தி வைத்திருந்தார். சட்டைக்கு மேலேயே அமுக்கிப் பார்த்தார்.

"எங்கேயாவது விழுந்தீரா?"

"இல்ல."

"பாரம் தூக்கினீரா?"

"இல்ல."

அது பொய் இல்லை. பாரம் தூக்குவது கூலிக்காரர் வேலை. நான் செய்தது பயிற்சி. இரண்டும் ஒன்றாகும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

தேய்க்க ஒரு தைலம் கொடுத்தார். "அசையாமப் படும். வலி போற வரைக்கும்," என்றார். சோதனைக்கு ஒரு மாதம்கூட இல்லை என்றேன். "அப்ப இன்னும் அசையாமப் படும்," என்று சொல்லிவிட்டு வண்டி ஏறினார்.

அசையாமல் படுப்பது! வலியைத் தாங்கிவிடலாம், இதைத் தாங்க முடியவில்லை. புத்தகத்தை முகத்துக்கு மேலே தூக்கிப் பிடித்துக் கை கடுக்கும் வரை படித்தேன். பாதத்தால் சுவரைத் தட்டினேன். திருச்செந்தூர் சாலையில் போகிற வண்டிச் சத்தத்துக்குக் காதைத் தீட்டிக்கொண்டு, இது இப்போது கிருஷ்ணாபுரம், இது இப்போது செய்துங்கநல்லூர் என்று ஒவ்வொன்றையும் மனதால் துரத்தினேன். உமி மூட்டை ஏற்றின கட்டைவண்டிகூட ஸ்ரீவைகுண்டம் போகிறது, நான் போகவில்லை.

அந்த நிலையில்தான் மரக்கடை அண்ணாச்சி வந்தார். கோணிக்கொண்டு வந்தார்.

"புள்ளைக்குக் காய்ச்சல் அண்ணாச்சி. காய்ச்சக் கால் பட்டா உங்களுக்கும் ஏறிரும்," என்றாள் அம்மா.

"ஏறட்டும் தாயி. காய்ச்சலுக்குக் கடையில மருந்து விக்குதான். இதுக்கு அந்தக் கால விட்டா வேற கதி?"

சொல்லிக்கொண்டே உள்ளே வந்துவிட்டார். என் பாய்க்குக் குறுக்கே குப்புறப் படுத்தார். அம்மா வேறு வழியில்லாமல் என் இடது காலைத் தன் இரு கையாலும் தூக்கி, உலக்கையை வைப்பதுபோல் அவர் முதுகில் மூன்று தடவை வைத்து எடுத்தாள். அவர் எழுந்தார். திரும்பிப் பார்த்தார். "போயிட்டு தாயி!" என்றார். நேராக நடந்து போனார். நான் கிடந்தேன்.

அதற்குமேல் பொறுக்கவில்லை. களக்காட்டில் ஓர் ஆசான் வர்மம் பார்ப்பார் என்று கேள்வி. அப்பாவுக்குத் தெரியாமல் வைக்கோல் பரப்பிய வண்டியில் படுத்துக்கொண்டு போனேன். ஆசான் கட்டைவிரலை என் முதுகில் ஊன்றிக் கண்ணை மூடினார். "யாரு கூடயோ மல்லுக்கட்டியிருக்கீரு. எவனோ வர்மம் தெரிஞ்சவன் தட்டியிருக்கான்," என்றார். நான் ஆயுளில் யாரோடும் மல்லுக்கட்டியதில்லை. "மறந்திருப்பீரு," என்றார். சூடான எண்ணெய், இலைக்கிழி, இறுக்கிக் கட்டிய ஒரு கட்டு. சும்மா சொல்லக்கூடாது, சில நாளில் நிமிர்ந்துவிட்டேன். அவர் வீட்டு முற்றத்தில் நின்றால் மலை முகத்தில் இடித்தது. மேகம் மரங்களுக்குள் போய் வருவது தெரிந்தது. அங்கே இருந்தபடி எப்படிச் சும்மா படுப்பது?

ஊர் திரும்பிய மறுநாள் விடியற்காலை கல் பையை மாட்டினேன். விட்ட நாட்களுக்கும் சேர்த்து இரண்டு கல் கூடுதலாகப் போட்டுக்கொண்டேன். அந்த வாரம் முடியுமுன் பிடிப்பு திரும்பி வந்தது, தன் வீட்டுக்கு வருகிற உரிமையோடு.

அன்றைக்கு நான் அம்மாவிடம் கத்திவிட்டேன். சோதனை போய்விடும், மலை போய்விடும், பிரம்பும் கரும்பலகையும்தான் என் தலைவிதி என்று கத்தினேன். "ஊரெல்லாம் மிதிச்சு விட்டேனே, என்னை மிதிக்க ஒரு கால் இல்லையே!"

அம்மா அடுப்படியிலிருந்து வரவில்லை. சத்தம் மட்டும் வந்தது. "இருக்கு."

"எங்கன?"

"ஏரல்ல. கெட்டிக்குடுத்த உங்கக்கா."

"அக்கா காலா? அவ எதுக்கு?"

"அவதாம்லே கால் முந்திப் பிறந்தவ. நீ எல்லாரையும் போலத் தலையாலதான் வந்தே."

நான் வலியை மறந்துவிட்டேன். அம்மா வெளியே வந்து முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். அக்கா சிறு பிள்ளையாக இருந்தபோது வாசலில் ஆட்கள் வரத் தொடங்கினார்களாம். பொம்பளைப் பிள்ளை ஊர் ஆண்பிள்ளைகள் முதுகில் கால் வைப்பதா என்று அப்பா அதட்டினாராம். வருகிறவர்களைத் திருப்பி அனுப்பவும் அம்மாவுக்கு மனம் வரவில்லை. அப்போது நான் பிறந்தேன். இவனும் கால்தான் என்று சொல்லிவிட்டாள்.

"பொய்யா சொன்ன?"

"பொய்யி என்ன பொய்யி? ஒருத்தருக்காவது கேக்காம இருந்திச்சா? சொல்லு பாப்போம்."

ஒருத்தருக்கும் கேட்காமல் இருந்ததில்லை. அதுதான் ஆத்திரம்.

ஏரலில் அத்தானுக்குப் பலசரக்குக் கடை. கடைக்குப் பின்னால் வீடு. அக்கா முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். வண்டியிலிருந்து இறங்கிய என்னைத் தலைமுதல் கால்வரை பார்த்தாள்.

"என்னலே, எறாலு மாதிரி சுருண்டு வந்து நிக்க?"

"அம்மா சொல்லிட்டா."

"என்னத்த?"

"காலு உன்னதாமே."

முறம் நின்றது. அக்கா சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "இப்பத்தான் சொல்லுததுக்கு நேரம் வந்திருக்காக்கும் அவுகளுக்கு," என்றாள். "காலையில கண்ணு முழிக்கதுக்குள்ள ஊரே என் காலுக்குக் காத்துக் கெடக்கும். எம்புட்டுப் பவுசா இருக்கும் தெரியுமா? நீ பொறந்த. தொட்டில்ல கெடந்த உன் காலைத் தூக்கி வச்சாவ. அன்னைக்கே என் காலைக் கழட்டி உனக்கு மாட்டிட்டாவ."

"எனக்கு எப்படித் தெரியும்?"

"உனக்கு எதுதான் தெரியும்? சட்டையக் கழத்து. படியில படு."

படுத்தேன். கண்ணை மூடிக்கொண்டு காத்தேன். மிதி விழவில்லை.

"மிதியேன்!"

"பொறுலே." குரல் முதுகுக்கு மேலே நின்றது. "உன் முதுகை யாரும் பாத்தாவளா?"

"டாக்டரு பாத்தாரு. ஆசான் பாத்தாரு."

"அமுக்கியிருப்பாவ. பாக்கல. வலது தோளு அப்படியே தாந்து கெடக்கு. மாட்டுக்கு நுகத்தடி பட்ட மாதிரி காய்ச்சுப் போயிருக்கே! இடுப்பு அந்தப் பக்கம் ஏறி நிக்கி. என்னத்தலே செமந்த?"

"கல்லு."

"கல்லா? வீடு கட்டுதாவளா?"

"இல்ல. நடக்கதுக்கு."

"நடக்கதுக்குக் காலு போதாதா?"

கடையிலிருந்த அத்தான் சிரித்த சத்தம் தெருவுக்கே கேட்டிருக்கும். என் பையை அக்கா அங்கேயே அவிழ்த்துப் பார்த்தாள். வேட்டி துண்டுக்கு அடியில் கூழாங்கல் இருந்தது. ஏரலிலும் பயிற்சி விட்டுப் போகக் கூடாதே என்று கொண்டுவந்திருந்தேன். அத்தனையும் ஊறுகாய் ஜாடிகளின் மூடிக்குமேல் பாரமாகப் போயின.

பிறகுதான் மிதித்தாள். பேசக்கூடாது என்ற விதியை ஒரு மிதிக்குக்கூட மதிக்கவில்லை. "இது கல்லுக்கு." அடுத்தது, "இது என் காலை வாங்கினதுக்கு." மூன்றாவது மட்டும் மெல்ல, குதிகாலைப் பையப் பதித்து, சற்று நேரம் எடுக்காமல் வைத்திருந்தாள்.

"இது எதுக்கு?"

"இதுதாம்லே வைத்தியம்."

அக்கா என்னை ஊருக்கு விடவில்லை. தரையில் பாய் விரித்துப் படுக்க வைத்தாள். காலையில் வெறுங்கையோடு ஆற்றங்கரையில் நடக்க மட்டும் அனுமதி. தோளில் துண்டு போட்டால்கூடப் பிடுங்கிக்கொண்டாள். முதல் சில நாள் கரையில் துணி துவைக்கிற கல்லுக்குக் கல் நின்று நின்று நடந்தேன். பிறகு நிற்க மறந்தேன். பிறகு ஓடலாமா என்று தோன்றியது. அத்தான் கடை வாசலில் நின்று விரலை ஆட்டினார். குணமாக்கியது மிதியா, பாயா, கல்லை இறக்கியதா? அக்காவைக் கேட்டால் காலை நீட்டிக் காட்டுகிறாள். நான் வாதாடுகிறேன். அவள் உளுந்து புடைக்கிறாள்.

சோதனையன்று முதுகில் வலி இல்லை, அதன் ஞாபகம் மட்டும் இருந்தது. நீர்க்குடம் சுமப்பவளைப்போல் இடுப்பை அலுங்காமல் வைத்துக்கொண்டு நடந்தேன். கூட்டத்தில் பலர் முன்னால் போனார்கள். போகட்டும். செய்துங்கநல்லூரில் சிலரைப் பிடித்தேன். கருங்குளத்தில் இன்னும் சிலரை. வாழைத்தோட்டத்துக் குளிர் போய் வெயில் பிடரியில் ஏறியது. நேரம் சரியாக இருந்தது. சரியாக மட்டும்தான் இருந்தது, மீதி இல்லை.

கருங்குளம் தாண்டியதும் மைல்கல்லில் ஒருவன் சாய்ந்து கிடந்தான். திருநெல்வேலி டவுண் ஜவுளிக்கடைக்காரர் மகன். கிளம்பும்போது எல்லோருக்கும் முன்னால் போனவன்.

"ஓய் பாளையங்கோட்டை! நில்லும் வே!"

"நேரமாச்சு வே!"

"இடுப்பு பிடிச்சுட்டு. நீரு கால் முந்திப் பிறந்தவருல்லா? எங்க கடைக்கு வாற ஆளுக சொல்லுவாவ. மூணு மிதி போட்டுட்டுப் போயிரும். புண்ணியமாப் போவும்."

பதில் சொல்லுமுன் சாலைப் புழுதியில் குப்புறப் படுத்துவிட்டான். நான் நின்றேன். என் கால் அந்தக் கால் இல்லை, அது என் அக்கா கால், நான் எல்லாரையும் போலத் தலையால் வந்தவன் என்று சொல்ல வாயெடுத்தேன். அந்தக் கதையைச் சொல்லி முடிப்பதற்குள் மூன்று பேரை மிதித்துவிடலாம். தவிர, ஒற்றைக் காலில் நின்று மிதித்தால் என் இடுப்பு என்ன சொல்லுமோ? அதுவும் பயம். போய்விடலாம். எல்லோரும் அவனைத் தாண்டித்தான் போயிருந்தார்கள்.

குனிந்து அவன் முதுகைப் பார்த்தேன். அக்கா பார்த்ததைப்போலப் பார்த்தேன். இடது தோளில் பட்டைத் தோல்வார் பதிந்து சட்டை கிழிகிற பதத்தில் இருந்தது. வாரின் நுனியில் ஒரு பை. பைக்குள் ஒரு பித்தளைக் கூஜா. அதற்கடியில் வாய்வரை புளியோதரை அமுக்கிய தூக்குச்சட்டி.

"என்னவே இது? கல்யாண வீட்டுக்கா போறீரு?"

"எங்கம்மா குடுத்துவிட்டா. வழியில பசிக்கும்லா?"

பையைக் கழற்றி எடுத்தேன். மிதித்தேன். ஒன்று. இரண்டு. மூன்றாவதை அக்காவைப்போல் பையப் பதித்து வைத்திருந்தேன். என் இடுப்பில் ஒரு நரம்பு, "வரட்டுமா?" என்று கேட்டது. வேண்டாம் என்று பல்லைக் கடித்தேன். காலை எடுத்ததும் அவன் எழுந்தான். திரும்பினான். கண் விரிந்தது.

"போயிட்டு வே!"

பையை அவன் மறுபடி தோளுக்குக் கொண்டுபோனான். நான் பிடுங்கி, பனையடியில் பதநீர் விற்றுக்கொண்டிருந்தவரிடம் கொடுத்தேன். "திரும்பி வரும்போது கூஜாவைத் தாரும். சோத்தை நீரே சாப்பிட்டுரும்," என்றேன். அவர் மறுப்புச் சொல்லவில்லை.

நடந்தோம். அதை நடை என்று சொல்வதா தெரியவில்லை. புதுக்குடி வந்து, ஆறு தெரிந்து, அணைக்கட்டின் கல்தளத்தில் கால் வைத்தபோது எதிர்க்கரையில் காட்டிலாகா துரை குடைக்கடியில் கடிகாரத்தைக் கையில் வைத்திருந்தது தெரிந்தது. கடைசித் துண்டை எப்படிக் கடந்தேன் என்று நினைவில்லை; வலப்பக்கம் தண்ணீர் விழுகிற இரைச்சல் மட்டும் காதில் இருக்கிறது. துரை கடிகாரத்தைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். பக்கத்திலிருந்த அவர் குமாஸ்தா எதையோ எழுதினார்.

பத்துக்கு முன்னாலா, பின்னாலா? குமாஸ்தாவைக் கேட்டேன். "தேறினவங்க பேரை வாசிக்கும்போது கேளும்," என்றார். மணலில் உட்கார முடியாமல் எழுந்தேன், எழுந்து நிற்க முடியாமல் நடந்தேன். அதற்குள் ஜவுளிக்கடைக்காரர் மகன் சும்மா இருந்தானா? "செத்துக் கெடந்தேன் வே, மூணே மிதி!" என்று ஒவ்வொருவரிடமும் போய்ச் சொன்னான். அத்தனை மைல் நடந்தவர்களில் இடுப்பு வலிக்காதவன் யார்? நான் திரும்பிப் பார்த்தபோது ஆற்றுமணலில் வரிசையாகக் குப்புறப் படுத்திருந்தார்கள்.

"அண்ணாச்சி, எனக்கு முதல்ல!"

"லே, நான்தான் முதல்ல படுத்தேன்!"

குமாஸ்தா எழுந்து தொண்டையைச் செருமினார். எனக்கு அவர் அருகில் போய் நிற்க வேண்டும். கால்சட்டையை ஒருவன் பிடித்து இழுத்தான். சரி, கைக்கு வேலை இல்லை, காலுக்காவது இருக்கட்டும் என்று வரிசையின் தலைமாட்டில் ஆரம்பித்தேன். பெயர்கள் வந்தன. என்னுடையது வரவில்லை. மிதித்தேன். இன்னும் பெயர்கள். ஜவுளிக்கடைக்காரர் மகன் பெயர் வந்தது, அவன் குதித்தான். பிறகு குமாஸ்தா தாளைத் திருப்பினார். மறுபக்கம் வெறுமையாக இருக்குமோ என்று எட்டிப் பார்த்தேன்.

என் பெயரை வாசித்தார்.

நான் அப்படியே நின்றுவிட்டேன், இடது குதிகால் யாரோ ஒரு தடித்த முதுகின்மேல் பதிந்தபடி. அணைக்கட்டுக்கு மேலே, தூரத்தில், வெளுத்த நீலமாக மலை தெரிந்தது.

"என்னவே நின்னுட்டீரு?" என்றது காலடியிலிருந்து ஒரு குரல். "ரெண்டுதான் ஆச்சு. மூணாவத யாரு போடுவா?"